மாற்றுத்திறனாளிகள் இங்கிலாந்துப் பள்ளிகளில் தன்னார்வலராகச் சேர: டிபிஎஸ் சோதனைக்கு முழுமையான வழிகாட்டி

பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்க, நூலகத்தில் புத்தகம் அடுக்க, பள்ளித் தோட்டத்தில் செடி வைக்கச் சொல்லிக்கொடுக்க என்று வாரத்தில் ஒரு காலைப்பொழுதைக் கொடுக்கத் தயாராக இருக்கும் மாற்றுத்திறனாளிகள் நம்மிடையே பலர். டிபிஎஸ் (Disclosure and Barring Service) என்ற அரசு அமைப்பின் குற்றப் பின்னணிச் சோதனை எடுக்க வேண்டும் என்று பள்ளி சொன்னதும் அவர்களில் சிலர் பின்வாங்கிவிடுகிறார்கள். எனக்கு வலிப்பு வருவது தெரிந்துவிடுமா, மனநல வார்டில் இருந்தது சான்றிதழில் வருமா, பிப் என்ற மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்குவதைக் கேட்பார்களா, லைசென்ஸே இல்லையே, யார் என்று எப்படி நிரூபிப்பது: இவைதான் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டிபிஎஸ் சோதனையில் உங்கள் உடல்நிலைக்கு இடமே இல்லை. நோயின் பெயர், மருந்து, வீல்சேர், உதவித்தொகை எதுவும் சான்றிதழில் வராது. (மனநல நெருக்கடியில் போலீஸ் வந்திருந்தால் மட்டும் படி 6ஐப் பாருங்கள்.) குற்றப் பதிவு இருக்கிறதா, பிள்ளைகளோடு வேலை செய்யத் தடை விதிக்கப்பட்டவரா, உள்ளூர் காவல்துறையிடம் இந்த வேலைக்குச் சம்பந்தப்பட்ட தகவல் ஏதும் இருக்கிறதா என்பதை மட்டும்தான் பார்க்கிறார்கள். உங்களுக்கு என்ன வசதி வேண்டும் என்பது பள்ளியோடு நீங்கள் நடத்த வேண்டிய தனிப் பேச்சு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பும்போதுதான் சிக்கல் வருகிறது. பள்ளி குழப்பினாலும் நீங்கள் பிரித்தே வையுங்கள்.

இங்கே எழுதுவது இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு. வேல்ஸிலும் டிபிஎஸ்தான். ஸ்காட்லாந்தில் பிவிஜி, வட அயர்லாந்தில் ஆக்ஸஸ்என்ஐ என்று வேறு ஏற்பாடுகள் உள்ளன.

இந்தச் சோதனை எதற்காக

2002இல் சோஹம் என்ற ஊரில் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் ஒரு பள்ளியில் காப்பாளராக வேலை பார்த்தவன். அவனைப் பற்றி முன்பே வந்த புகார்கள் வேறொரு காவல்துறையிடம் இருந்தும் பள்ளிக்குப் போய்ச் சேரவில்லை. அந்த விசாரணையைத் தொடர்ந்துதான் 2006ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. பிறகு 2012 டிசம்பர் 1ஆம் தேதி, குற்றப் பதிவுகளைப் பார்த்துவந்த பழைய சிஆர்பியையும் இன்னொரு அமைப்பையும் சேர்த்து டிபிஎஸ் தொடங்கப்பட்டது. நம் பிள்ளைகளும் அந்த வகுப்பறைகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே சோதனையே வேண்டாம் என்று யாரும் கேட்கப்போவதில்லை. அது நமக்கும் எட்டுகிற மாதிரி நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: உங்கள் வேலை எந்த வகை என்று கேளுங்கள்

எல்லாத் தன்னார்வலருக்கும் ஒரே சோதனை கிடையாது. ஆசிரியரின் மேற்பார்வை இல்லாமல் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது, அவர்களைப் பார்த்துக்கொள்வது போன்ற வேலையை வாரம் ஒருமுறையாவது, அல்லது 30 நாளில் 3 நாளுக்கு மேல் செய்தால் அதை 'ரெகுலேட்டட் ஆக்டிவிட்டி' என்பார்கள். அதற்கு விரிவான ('என்ஹான்ஸ்டு') டிபிஎஸ் சோதனையோடு, சிறுவர்களுக்கான தடைப் பட்டியலையும் பார்க்க வேண்டும். நோயோ ஊனமோ உள்ள பிள்ளையைக் கழிவறைக்கு அழைத்துப்போய் உதவுவது, குளிப்பாட்டுவது போன்ற வேலை ஒரே ஒரு முறை என்றாலும் இந்த வகைதான்.

ஆசிரியர் கூடவே இருக்கும் வகுப்பில் உதவுகிறீர்கள் என்றால், எந்த அளவு சோதனை தேவை என்பதைப் பள்ளி ஓர் ஆபத்து மதிப்பீடு செய்து முடிவெடுக்கும். 'ஆபத்து மதிப்பீடு' என்றதும் பயப்பட வேண்டாம். நீங்கள் என்ன வேலை செய்வீர்கள், யார் கூட இருப்பார்கள், உங்களை யாருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுதான் அதில் இருக்க வேண்டும். உங்கள் உடல்நிலையை அதில் ஒரு 'ஆபத்து' என்று எழுதியிருந்தால், அது பிள்ளைகளின் பாதுகாப்புக்கு எந்த வகையில் சம்பந்தம் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தீ விபத்து நேர்ந்தால் எப்படி வெளியேறுவது என்பது நியாயமான கேள்விதான். அதற்குத் தனிநபர் வெளியேற்றத் திட்டம் என்று வேறு ஒரு தாள் இருக்கிறது. அதை அங்கே எழுதட்டும்.

வயது 16 ஆகாதவர்களுக்கு டிபிஎஸ் எடுக்க முடியாது.

படி 2: காசு கட்ட வேண்டுமா

விரிவான சோதனைக்குக் கட்டணம் 49.50 பவுண்ட். உண்மையான தன்னார்வலருக்கு அது இலவசம். டிபிஎஸ் கணக்கில் தன்னார்வலர் என்றால் சம்பளம் வாங்காதவர். பயணச் செலவு மாதிரி கைச்செலவை மட்டும் திருப்பி வாங்கலாம். நெருங்கிய உறவினர் அல்லாத மற்றவர்களின் நன்மைக்காக அந்த வேலை இருக்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சப்போர்ட்டட் இன்டர்ன்ஷிப் என்ற, மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கான வேலைப் பயிற்சியில் இருப்பவர்கள், படிப்பின் பகுதியாகப் பள்ளிக்கு வருபவர்கள் போன்றோருக்கு இந்த இலவசம் பொருந்தாது. பயிற்சிக்காக வருபவரைத் தன்னார்வலர் என்று டிபிஎஸ் ஏற்பதில்லை. அப்படியானால் கட்டணத்தை யார் கொடுப்பது என்று கல்லூரியிடமும் பள்ளியிடமும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தைக் கையாளும் இடைநிலை அமைப்பு நிர்வாகக் கட்டணம் ஒன்று கேட்பதும் உண்டு. அதைப் பள்ளி ஏற்றுக்கொள்ளுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

உதவித்தொகையைப் பற்றிய பயத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். கைச்செலவைத் தவிர வேறு பணம் வாங்காதவரை, உங்கள் உதவித்தொகையின் நிபந்தனைகளைத் தொடர்ந்து நிறைவேற்றிக்கொண்டு தன்னார்வப் பணியும் செய்யலாம். உதவித்தொகை தரும் அரசுத் துறையான டிடபிள்யூபிக்குத் தெரியப்படுத்திவிட்டுச் செய்வது நல்லது.

படி 3: படிவத்துக்கு முன்னால் வசதியைப் பேசுங்கள்

விரிவான சோதனைக்கு நீங்களாக விண்ணப்பிக்க முடியாது. பள்ளிதான் தொடங்க வேண்டும். இணைப்பு ஒன்று மின்னஞ்சலில் வரும், அல்லது காகிதப் படிவம் கொடுப்பார்கள். இணைப்பு வந்த பிறகு திண்டாடுவதைவிட அதற்கு முன்னாலேயே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுவது மேல். நீளமாக எழுத வேண்டியதில்லை. இந்த அளவு போதும்:

"வணக்கம். செவ்வாய் காலை வாசிப்பு உதவிக்கு வர விரும்புகிறேன். எனக்குப் பார்வை மிகக் குறைவு. டிபிஎஸ் படிவத்தை ஸ்க்ரீன் ரீடர் வைத்து நிரப்ப முடியுமா? முடியாது என்றால், தனி அறையில் அலுவலகத்தில் ஒருவர் உடன் இருந்து நிரப்பித் தர முடியுமா? வரவேற்பறைத் தொடுதிரையில் என்னால் பதிவு செய்ய முடியாது, வேறு வழி சொல்லுங்கள். என் வழிகாட்டி நாய் என்னோடு வரும்."

நோயின் வரலாறு இதில் ஒரு வரிகூட இல்லை, கவனியுங்கள். என்ன தேவை என்பது மட்டுமே இருக்கிறது. காது கேளாதவர் என்றால் நேர்காணலுக்கு பிஎஸ்எல் (பிரிட்டிஷ் சைகை மொழி) மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று இதே மாதிரி கேளுங்கள். இப்படிப்பட்ட செலவுக்கு அரசு உதவும் ஆக்ஸஸ் டு வொர்க் திட்டம் சம்பள வேலைக்குத்தான், தன்னார்வப் பணிக்குக் கிடைக்காது. ஆகவே செலவு யார் தருவார் என்ற பேச்சைத் தொடக்கத்திலேயே எடுத்துவிடுங்கள். நேர்காணலுக்கு முந்தின நாள் இது தெரியவந்தால் இரண்டு பக்கமும் சங்கடம்.

கற்றல் குறைபாடு உள்ளவருக்கு வீட்டாரோ உதவியாளரோ பக்கத்தில் இருந்து கேள்விகளை வாசித்துக் காட்டி விளக்கலாம். பதில் அவருடையதாக இருக்க வேண்டும். உறுதிமொழியும் அவருடையதுதான். அம்மா அப்பா பாசத்தில் முந்திக்கொண்டு பதில் சொல்லும்போது, தனக்கும் இந்த வேலைக்கும் என்ன சம்பந்தம் என்பதே அவருக்குப் புரியாமல் போய்விடுகிறது. கொஞ்சம் நேரம் எடுத்தாலும் அவரே சொல்லட்டும்.

படி 4: அடையாள ஆவணங்கள்

நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. வழக்கமான வழி என்னவென்றால், டிபிஎஸ் ஆவணப் பட்டியலின் முதல் தொகுதியிலிருந்து ஒரு ஆவணம், அதோடு இன்னும் இரண்டு. இவற்றில் ஒன்றிலாவது தற்போதைய முகவரி இருக்க வேண்டும். முதல் தொகுதியில் பாஸ்போர்ட்டும் படம் போட்ட ஓட்டுநர் உரிமமும் முக்கியமானவை. பார்வையற்றவரிடமோ வலிப்பு வந்ததால் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தவரிடமோ உரிமம் இருக்காது. அதனால் பாஸ்போர்ட்தான் கைகொடுக்கும். செல்லுபடியாகும் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் ஏற்பார்கள். இந்திய, இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் அந்தத் தொகுதியில் சேராது.

முகவரிக்கு என்ன செய்வது? பெற்றோருடனோ பராமரிப்பு இல்லத்திலோ இருப்பவர் பெயரில் கேஸ் பில், கவுன்சில் டாக்ஸ் எதுவும் இருக்காது. அப்போது டிடபிள்யூபியிலிருந்து உங்கள் பெயருக்கு வரும் கடிதம் பெரிய உதவி. பிப் கடிதம் கடந்த 3 மாதத்துக்குள் வந்ததாக இருக்க வேண்டும். பழையதுதான் இருக்கிறது என்றால் போன் செய்து புதிய உறுதிப்படுத்தல் கடிதம் கேட்டு வாங்குங்கள். வங்கிக் கணக்கு அறிக்கைக்கும் அதே 3 மாதக் கணக்குதான். வயதை நிரூபிக்கும் 'PASS' முத்திரை உள்ள அடையாள அட்டை, வேலை தருபவர் கொடுக்கும் ஆண்டு வரித் தாளான பி60 ஆகியவையும் பட்டியலில் உள்ளவை. ப்ளூ பேட்ஜ் (மாற்றுத்திறனாளி பார்க்கிங் அட்டை), பஸ் பாஸ் இரண்டையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நமக்கு அவைதான் நெருக்கமான அட்டைகள் என்றாலும் டிபிஎஸ் பட்டியலில் இல்லை. பட்டியலை அவ்வப்போது மாற்றுகிறார்கள், எனவே இப்போது நடப்பில் இருப்பதைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு ஆவணங்களை எடுத்து வையுங்கள்.

நேரில் போவது கடினம் என்றால், ஆவணங்களின் மூலத்தை முன்பே பள்ளியிடம் சேர்த்துவிட்டு வீடியோ அழைப்பில் முகம் காட்டும் முறையும் அனுமதிக்கப்பட்டதுதான். பல அலுவலகங்கள் இதைத் தாமாகச் சொல்வதில்லை, நீங்களே கேளுங்கள்.

பெயர் விஷயம், தமிழர்களுக்கு மட்டும்

இதுவரை பயன்படுத்திய எல்லாப் பெயரையும் படிவம் கேட்கும். நம் பெயர்கள் ஆவணத்துக்கு ஆவணம் ஆட்டம் காட்டும். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருக்கும், வங்கியில் அப்பா பெயர் சர்நேமாக இருக்கும், டிடபிள்யூபி கடிதத்தில் இனிஷியல் மட்டும் இருக்கும். உதாரணத்துக்கு, ஒரே அப்பா ஒன்றில் சுப்ரமணியம், இன்னொன்றில் சுப்பிரமணியன். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்ந்திருக்கும். இந்த மாற்றங்கள் எல்லாவற்றையும் 'வேறு பெயர்கள்' என்ற இடத்தில் எழுதிவிடுங்கள். விட்டுப்போனால் விண்ணப்பம் திரும்பி வரும், அல்லது தேவையில்லாத சந்தேகம் கிளம்பும். விண்ணப்பிக்கும் முன் மூன்று ஆவணத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பார்வை இல்லாதவர் நம்பகமான ஒருவரை வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.

படி 5: ஐந்து வருட முகவரி

கடந்த 5 ஆண்டில் இருந்த எல்லா முகவரியும் இடைவெளி இல்லாமல் வேண்டும். மாதக்கணக்கில் மருத்துவமனையில் இருந்தவர், தங்கிப் படிக்கும் சிறப்புப் பள்ளியில் இருந்தவர், சப்போர்ட்டட் லிவிங் (உதவியாளர் துணையோடு வாழும்) வீடு மாறியவர் எல்லாம் இங்கே தடுமாறுவார்கள். பழைய கடிதங்கள், மருத்துவ அப்பாயின்ட்மென்ட் தாள்கள், சோஷியல் வொர்க்கரின் பதிவு ஆகியவற்றிலிருந்து தேதிகளைத் தேடி எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். நீண்ட காலம் தங்கிய மருத்துவமனையை எப்படிக் குறிப்பது என்று விண்ணப்பத்தைக் கையாளும் அமைப்பிடம் கேட்டு எழுதுங்கள். முகவரியை எழுதுகிறீர்களே தவிர, அங்கே ஏன் இருந்தீர்கள் என்று விளக்கம் தர வேண்டியதில்லை.

வெளிநாட்டில் இருந்த காலத்துக்குப் பள்ளி தனியாகச் சான்று கேட்கலாம். இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்திருந்தால் அந்த நாட்டின் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ். வர நாள் பிடிக்கும், எனவே கேட்பார்கள் என்று தெரிந்தவுடன் தொடங்கிவிடுங்கள்.

படி 6: பழைய பதிவும் போலீஸ் தகவலும்

மனநல நெருக்கடியில் போலீஸ் வந்து கூட்டிப்போன அனுபவம் உள்ளவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

1983ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 136ஆம் பிரிவில் உங்களைப் பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துப் போவது கைது அல்ல, குற்றப் பதிவும் அல்ல. ஆனால் காவல்துறையின் உள்ளூர்ப் பதிவில் அது இருக்கும். விரிவான சோதனையில், இந்த வேலைக்குச் சம்பந்தப்பட்டது, சொல்லியே ஆக வேண்டியது என்று தலைமைக் காவல் அதிகாரி நியாயமாக நம்பும் தகவலை மட்டுமே சேர்க்கலாம். 136ஆம் பிரிவில் தடுத்து வைத்தது என்ற ஒன்று மட்டுமே வெளியிடப் போதுமான காரணம் ஆவது அரிது என்று உள்துறை அமைச்சகத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டல் காவல்துறைக்குச் சொல்கிறது. மற்றவருக்கு ஆபத்து இருந்ததா, எவ்வளவு காலத்துக்கு முன்பு, இப்போது நிலைமை என்ன என்பதையெல்லாம் எடைபோட வேண்டும். சந்தேகமான விஷயம் என்றால் வெளியிடும் முன் உங்களிடம் கருத்துக் கேட்டுக் கடிதம் வரலாம். அந்தக் கடிதத்தைப் பயத்தில் ஒதுக்கி வைக்காதீர்கள். மனநலக் குழுவிடமிருந்தோ ஜிபி என்ற குடும்ப மருத்துவரிடமிருந்தோ ஒரு கடிதம் சேர்த்து, காலக்கெடுவுக்குள் பதில் அனுப்புங்கள். ஆட்டிசம் உள்ளவர் பொது இடத்தில் தாங்க முடியாமல் கத்தியதற்கு யாரோ போலீஸைக் கூப்பிட்ட பதிவு இருந்தாலும் அதே அளவுகோல்தான்.

குற்றப் பதிவே இருந்தாலும் எல்லாம் வராது. 18 வயதுக்கு மேல் வாங்கிய போலீஸ் எச்சரிக்கை ('காஷன்') 6 ஆண்டு கழித்தும், சிறைத் தண்டனை இல்லாத தீர்ப்பு 11 ஆண்டு கழித்தும் சான்றிதழில் தோன்றாது. சட்டம் பட்டியலிட்ட கடுமையான குற்றங்களுக்கு இது பொருந்தாது. 2020 நவம்பர் 28க்குப் பிறகு, சிறுவயதில் வாங்கிய எச்சரிக்கைகள் தானாக வெளிப்படுவதில்லை.

படி 7: உங்கள் உதவியாளர்

உதவியாளர் கூட வராமல் உங்களால் வர முடியாது என்றால், அவரும் பிள்ளைகள் இருக்கும் அறையில்தான் இருப்பார். அவரிடம் ஏற்கெனவே டிபிஎஸ் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். பெரியவர்களைப் பராமரிக்க எடுத்த சான்றிதழில் சிறுவர்களுக்கான தடைப் பட்டியலைப் பார்த்திருக்க மாட்டார்கள். சான்றிதழில் எந்தப் பணிப்பிரிவு என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். அவருக்குத் தனிச் சோதனை வேண்டுமா, எப்போதும் ஆசிரியரின் பார்வையில் இருந்தால் போதுமா என்பதைப் பள்ளி முடிவு செய்யும். முறைவைத்து மாறி மாறி வருபவர்கள் இருந்தால், பள்ளி நாளுக்கு ஒருவரோ இருவரோ என்று நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வாரமும் வரவேற்பறையில் இதே பேச்சு நடக்கும்.

படி 8: காத்திருப்பு, சான்றிதழ்

விண்ணப்ப எண்ணை வைத்து டிபிஎஸ் தளத்தில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கலாம். மொத்தம் 5 கட்டம். நாலாவது, உள்ளூர் காவல்துறை பார்ப்பது. பெரும்பாலும் இழுப்பது அங்கேதான். இழுத்தால் ஏதோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

2013 ஜூன் முதல் சான்றிதழ் உங்களுக்கு மட்டுமே தபாலில் வருகிறது, பள்ளிக்குப் போவதில்லை. முதலில் படிப்பது நீங்களாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. பார்வையற்றவர்கள் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். போனில் உள்ள வாசிப்புச் செயலியால் முதலில் தனியாகக் கேளுங்கள். அப்புறம் யாருக்குக் காட்டுவது என்று முடிவெடுங்கள்.

பிறகு மூலச் சான்றிதழைப் பள்ளியில் காட்டுங்கள். பள்ளி நகல் எடுத்தால் 6 மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. சான்றிதழ் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அப்டேட் சர்வீஸில் பதிந்துவிடுங்கள். மற்றவர்களுக்கு ஆண்டுக்கு 16 பவுண்ட், தன்னார்வலருக்கு இலவசம். நாளை இன்னொரு பள்ளிக்கு இதே வகைத் தன்னார்வப் பணிக்குப் போனால், ஆவணக் கட்டை மறுபடியும் சுமக்க வேண்டியிருக்காது. இணையத்திலேயே அவர்கள் பார்த்துக்கொள்ளலாம். ஆவணம் திரட்டுவதே பெரும்பாடாக இருக்கும் நமக்கு இந்த ஒரு பதிவு எவ்வளவோ மிச்சப்படுத்தும்.

தவறாக வந்தால், மறுத்தால்

சான்றிதழில் தவறு இருந்தால் அதன் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் டிபிஎஸ்ஸிடம் ஆட்சேபிக்க வேண்டும். போலீஸ் தகவல் சம்பந்தமில்லாதது என்பது உங்கள் வாதம் என்றால், முதலில் அந்தக் காவல்துறை மறுபரிசீலனை செய்யும், அப்போதும் தீராவிட்டால் சுதந்திரக் கண்காணிப்பாளரிடம் போகும். சான்றிதழில் ஏதோ இருக்கிறது என்பதற்காகவே பள்ளி வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. முதலில் உங்களோடு அதைப் பேச வேண்டும் என்று டிபிஎஸ் நடைமுறை விதியே சொல்கிறது.

சான்றிதழ் சுத்தமாக இருந்தும், உடல்நிலையைக் காட்டி மறுத்தால்? இங்கே சட்டம் நாம் நினைக்கும் அளவுக்குப் பலமாக இல்லை என்பது வருத்தமான உண்மை. மிட் சஸெக்ஸ் சிட்டிசன்ஸ் அட்வைஸ் பியூரோவுக்கு எதிராக மாற்றுத்திறனாளித் தன்னார்வலர் ஒருவர் தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் இல்லாத தன்னார்வலருக்கு வேலைவாய்ப்புப் பாகுபாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2012 டிசம்பரில் தீர்ப்பளித்தது. எனக்கு அந்தத் தீர்ப்பு இன்றும் உறுத்துகிறது. அதற்காகக் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. அரசு நிதியில் நடக்கும் பள்ளிக்கு 2010 சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவில் பொதுத்துறைச் சமத்துவக் கடமை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் பங்கேற்பை வளர்ப்பதைப் பற்றி அது யோசித்தே ஆக வேண்டும். மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடமையைக் குறிப்பிட்டு, பள்ளியின் புகார் நடைமுறைப்படி தலைமை ஆசிரியருக்கும், பிறகு பள்ளியை மேற்பார்வையிடும் ஆளுநர் குழுவுக்கும் (கவர்னர்கள்) எழுதுங்கள். சமத்துவ ஆலோசனை மற்றும் ஆதரவுச் சேவை என்ற உதவி மையம் இலவசமாக ஆலோசனை சொல்லும். எழுதும் முன் அவர்களிடம் ஒருமுறை பேசிவிட்டால், எந்தச் சட்டப் பிரிவைச் சுட்டுவது என்பதில் குழப்பம் இருக்காது.